பனி வேறு, குளிர் வேறு: சூடாகும் கடலும் ஆர்க்டிக்கும் குளிர்காலத்தை என்ன செய்கின்றன?

கேள்வி இதுதான்: "கடல்கள் சூடாகின்றன, ஆர்க்டிக் பனி உருகுகிறது என்கிறார்கள். அப்படியென்றால் குளிர்காலம் இதமாக அல்லவா ஆக வேண்டும்? அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் ஏன் இப்படிப் பனி கொட்டுகிறது? ஆர்க்டிக் கடல் திறந்துவிட்டால் பனி ஏராளமாகப் பெய்து பூமி தன்னைத்தானே குளிர்வித்துக்கொள்ளும், அடுத்த பனியுகம் அப்படித்தான் தொடங்கும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். அது சரியா?"

கடைசிப் பகுதிக்குப் பின்னால் நல்ல கதை ஒன்று இருக்கிறது, அதற்கு வருகிறேன். அதற்கு முன் ஒரு முடிச்சை அவிழ்க்க வேண்டும். பனி அதிகமாகப் பெய்வது ஒரு விஷயம், குளிர் அதிகமாவது வேறு விஷயம். இரண்டையும் ஒன்றாகவே நினைப்பதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது. வெதுவெதுப்பான நீர்ப்பரப்பின் மேல் குளிர்காற்று வீசினால் பனிப்பொழிவு கூடும் என்பது உறுதியான இயற்பியல், அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆர்க்டிக்கில் உறைந்த பரப்பு குறைவதால் தெற்கே இருக்கும் நாடுகளில் குளிர் கூடுகிறது என்பதோ விஞ்ஞானிகளே இன்னும் பிரிந்து நின்று வாதாடும் விஷயம். தொடர்பு இருந்தாலும் பலவீனமானது என்ற பக்கம்தான் நான் சாய்கிறேன், காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

தமிழில் இதைப் பேசும்போது இன்னொரு சிக்கலும் உண்டு. மார்கழிக் காலையில் புல் நுனியில் நிற்பதும் பனி, ஜனவரியில் ஊட்டியில் புல்வெளி வெளுத்துக் கிடப்பதும் பனி, வானத்திலிருந்து பஞ்சு போல விழுவதும் பனி, கடல்மேல் உறைந்து மிதப்பதும் பனி. அதனால் இந்தப் பதிலில் வானத்திலிருந்து விழுவதை மட்டும் பனி என்கிறேன், கடலில் உறைந்து மிதப்பதைப் பனிப்பாளம் என்கிறேன்.

சரி, பனி பெய்ய என்ன வேண்டும்? குளிர் வேண்டும், கூடவே நீராவியும் வேண்டும். 30 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 30 கிராம் நீராவியைத் தாங்கும், 0 டிகிரியில் அது 5 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு, மைனஸ் 20-ல் 1 கிராம் அளவுக்கு வந்துவிடும். அதாவது கடுங்குளிர்க் காற்று என்பது வறண்ட காற்று. தென் துருவத்தில் ஆண்டு முழுவதும் விழும் பனியை உருக்கினால் சில சென்டிமீட்டர் தண்ணீர்தான் தேறும், மழைக் கணக்கில் அது பாலைவனம். கனடாவில் இருப்பவர்கள் இதை அனுபவத்திலேயே அறிவார்கள்: மைனஸ் 25 அடிக்கும் நாளில் வானம் பளிச்சென்று நீலமாக இருக்கும், மூச்சு இழுத்தால் மூக்கு உறையும், ஆனால் ஒரு துகள் ஸ்னோ விழாது. பெரிய பனி வரப்போகும் நாளிலோ குளிர் சற்றுத் தணிந்து, வானம் மூடி, காற்றில் ஈரம் தெரியும். பெரும் பனிப்பொழிவுகளில் பல 0 டிகிரிக்குச் சற்றுக் கீழே உள்ள குளிரில்தான் நடக்கின்றன.

காற்று 1 டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதலான நீராவியைச் சுமக்கும். கடல்மேல் இருக்கும் காற்று சூடாகிறது, கடலும் சூடாகிறது, ஆவியாதல் கூடுகிறது. அந்த ஈரம் எங்கே போய் விழுந்தாலும் அங்கே வெப்பநிலை 0 டிகிரிக்கு மேல் இருந்தால் மழை, கீழே இருந்தால் பனி. மைனஸ் 10 டிகிரியில் இருந்த ஓர் இடம் மைனஸ் 8-க்கு ஏறினாலும் அங்கே பனிதான் பெய்யும், முன்பைவிட அதிகமாகவே பெய்யக்கூடும். சூடாவதும் பனி கூடுவதும் ஒரே சமயத்தில் நடக்க முடியும் என்பதற்கு இதற்கு மேல் எந்த மர்மமும் தேவையில்லை.

கண்ணால் பார்க்கக்கூடிய உதாரணம் அமெரிக்காவின் பஃபலோ நகரம். ஈரி ஏரியின் கிழக்குக் கோடியில் இருக்கிறது. ஏரி கிட்டத்தட்ட 390 கிலோமீட்டர் நீளம், மேற்கு-தென்மேற்கிலிருந்து கிழக்கு-வடகிழக்காக நீண்டு கிடக்கிறது. நவம்பரில் நீர் இன்னும் 10 டிகிரி வாக்கில் இருக்கும்போது கனடாவின் உட்பகுதியிலிருந்து வரும் குளிர்காற்று ஏரியின் நீள வாக்கில் வீசினால், அடியில் சூடும் ஈரமும் ஏறிக் காற்று மேலெழும்பும், மேகம் திரளும், கரை ஏறியதும் கொட்டித் தீர்க்கும். நீர்ப்பரப்புக்கும் ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் காற்றுக்கும் இடையே 13 டிகிரி வித்தியாசம் இருந்தால் இது கிளம்பிவிடும் என்பது அங்கே வானிலை கணிப்பவர்கள் கையில் வைத்திருக்கும் கணக்கு. லேக் எஃபெக்ட் ஸ்னோ என்பது இதுதான். 2022 நவம்பர் 17 முதல் 20 வரை பஃபலோவின் தெற்குப் புறநகரான ஆர்ச்சர்ட் பார்க்கில் 2 மீட்டர் அளவுக்குப் பனி விழுந்தது. நகருக்கு வடக்கே இருக்கும் ஊர்களில் அதைவிட மிகக் குறைவாகவே விழுந்தது, பனி கொட்டும் பட்டை அவ்வளவு குறுகலானது.

டொரன்டோவில் இருக்கும் நம்மவர்கள் "பஃபலோ நூறு கிலோமீட்டர்கூட இல்லை, அங்கே கார் புதைகிறது, இங்கே ஸ்கார்பரோவில் வெயிலடிக்கிறதே" என்று கேட்பார்கள். காரணம் காற்று வரும் திசைதான். குளிர்காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் வருகிறது, டொரன்டோ ஒன்டாரியோ ஏரியின் வடமேற்குக் கரையில் இருக்கிறது, எனவே ஏரியைத் தொடுவதற்கு முன்பே காற்று டொரன்டோவைத் தாண்டிவிடுகிறது. காற்று கிழக்கிலிருந்து திரும்பி வீசும் சில நாட்களில்தான் ஏரியின் பனி டொரன்டோவுக்குக் கிடைக்கும்.

இதில் முக்கியமான விஷயம், ஏரி உறைந்துவிட்டால் கதை முடிந்தது. ஈரி ஏரி ஆழம் குறைந்தது, சராசரியாக 19 மீட்டர்தான், அதனால் முழுக் குளிர் வந்துவிட்டால் சீக்கிரம் உறையும், உறைந்ததும் நீராவிக் குழாயை மூடியது போல ஏரிப் பனியும் அடங்கிவிடும். ஏரி சூடாக இருந்து உறைவது தள்ளிப்போனால் குழாய் இன்னும் பல வாரங்களுக்குத் திறந்தே இருக்கும். ஈரி, ஒன்டாரியோ உள்ளிட்ட வட அமெரிக்காவின் ஐந்து பெரும் ஏரிகள் குளிர்காலத்தில் உறையும் பரப்பு 1970-களிலிருந்து ஏற்ற இறக்கங்களோடு குறைந்துகொண்டே வருகிறது. 2014-ல் 90 சதவீதத்துக்கு மேல் உறைந்ததும் உண்டு, 2024 பிப்ரவரி நடுவில் ஏறக்குறைய ஒன்றுமே உறையாமல் கிடந்ததும் உண்டு.

இதையே பத்து மடங்கு பெரிதாக்கினால் ஜப்பான். சைபீரியாவில் குளிர்காலத்தில் கனத்த குளிர்காற்று தேங்கி நிற்கும் உயரழுத்தப் பகுதியிலிருந்து கிளம்பும் காற்று ஜப்பான் கடலைத் தாண்டுகிறது. அந்தக் கடலில் தெற்கிலிருந்து சுஷிமா நீரோட்டம் வெதுவெதுப்பான நீரைக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருக்கிறது. கடலைத் தாண்டும் சில மணி நேரத்தில் காற்று ஈரத்தைக் குடித்து நிரம்பி, எதிரே நிற்கும் மலைகளில் மோதிக் கொட்டிவிடுகிறது. நீகாத்தா மாநிலத்தில் இருக்கும் தகாதா ஸ்பெயினின் செவில் நகரத்துக்கு ஏறக்குறைய நேரே, 37 டிகிரி அட்சரேகையில் இருக்கும் கடலோரச் சமவெளி ஊர். அங்கே 1945 பிப்ரவரியில் பனி 377 சென்டிமீட்டர் உயரத்துக்குக் குவிந்து நின்றது. மலைக்கு மறுபக்கம் இருக்கும் டோக்கியோவிலோ அதே காற்று ஈரத்தை இழந்து வந்து சேர்வதால் குளிர்காலம் வறண்ட வெயில்காலம். 2020 டிசம்பரில் குன்மா மாநிலத்தின் மினகாமியில் 48 மணி நேரத்தில் 199 சென்டிமீட்டர் கொட்டியது, கனெத்சு நெடுஞ்சாலையில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் மாட்டிக்கொண்டு நின்றன. வடகிழக்குப் பருவக்காற்று வங்கக் கடலில் ஈரம் சேர்த்துக்கொண்டு வந்து சோழமண்டலக் கரையில் கொட்டுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிய விஷயமே இல்லை. நிலத்துக் காற்று வறண்டது, கடல் அதற்கு ஈரம் கொடுக்கிறது, எதிர்க்கரை நனைகிறது. அங்கே அந்த நனைதல் பனியாக இருக்கிறது, அவ்வளவுதான்.

இப்போது ஆர்க்டிக். பனிப்பாளத்தை ஒரு மூடியாக நினைத்துக்கொள்ளுங்கள். அதன் கீழே இருக்கும் கடல்நீர் மைனஸ் 1.8 டிகிரிக்குக் கீழே போகாது, அங்கேதான் உப்புநீர் உறைகிறது. மேலே இருக்கும் காற்று குளிர்காலத்தில் மைனஸ் 30 வரை இறங்கும். கடலைப் பொறுத்தவரை மைனஸ் 1.8 குளிர்தான், ஆனால் அந்தக் காற்றுக்கு அது கொதிக்கும் சட்டி. மூடி இருக்கும்வரை வெப்பமும் ஈரமும் உள்ளேயே இருக்கும். மூடி போய்விட்டால் கடல் புகைய ஆரம்பிக்கும், நிஜமாகவே புகை மாதிரி ஆவி எழும்புவதை வடநோர்வே மீனவர்கள் பார்த்திருக்கிறார்கள். கோடையில் இன்னொரு வேலையும் நடக்கிறது: பனி படிந்த பாளம் வெயிலில் 80 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும், திறந்த கடல் 90 சதவீதத்துக்கு மேல் விழுங்கிவிடும், விழுங்கிய வெப்பத்தை இலையுதிர்காலத்தில் காற்றுக்குத் திருப்பித் தரும். செப்டம்பரில் பாளத்தின் பரப்பு மிகக் குறைவாக இருக்கும். 1981 முதல் 2010 வரை அந்தக் குறைந்தபட்ச அளவின் சராசரி 62 லட்சம் சதுர கிலோமீட்டர், 2012-ல் அது 34 லட்சத்துக்கு வந்தது. 1979-க்குப் பிறகு ஆர்க்டிக், உலகச் சராசரியைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் சூடாகியிருக்கிறது என்று ஃபின்லாந்து வானிலை ஆய்வாளர்கள் 2022-ல் கணக்கிட்டார்கள்.

திறந்த ஆர்க்டிக் தெற்கே பனியாகப் பெய்கிறது என்பதற்குக் கையில் இருக்கும் மிக நல்ல சாட்சி 2018 பிப்ரவரி, மார்ச். ஐரோப்பாவில் அதற்கு 'கிழக்கிலிருந்து வந்த மிருகம்' என்றே பெயர் வைத்தார்கள். பிப்ரவரி 26 அன்று ரோமில் பனி பெய்தது. மார்ச் 1 அன்று அயர்லாந்து முழுவதற்கும் சிவப்பு எச்சரிக்கை, கடைகளில் ரொட்டி தீர்ந்துபோனது. சைபீரியக் காற்று மேற்கு நோக்கி ஐரோப்பாவுக்குள் வந்ததால் இவ்வளவும் நடந்தது. ஆனால் சைபீரியக் காற்று வறண்டது என்று மேலே பார்த்தோம், அவ்வளவு பனிக்கான தண்ணீர் எங்கிருந்து வந்தது?

ஃபின்லாந்தின் ஊலு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹன்னா பெய்லியும் உடன் ஆய்வாளர்களும் இதற்கு விடை கண்டார்கள். வட ஃபின்லாந்தின் லாப்லாந்தில் பல்லாஸ் என்ற இடத்தில் காற்றிலிருக்கும் நீராவியைத் தொடர்ந்து அளந்துகொண்டிருந்தார்கள். நீர் மூலக்கூறுகளில் கனமானவையும் இலேசானவையும் உண்டு, அவை கலந்திருக்கும் விகிதம் அந்த நீர் எங்கே எப்படி ஆவியானது என்பதைப் பொறுத்து மாறும். வறண்ட குளிர்காற்று வெதுவெதுப்பான கடல்மேல் பாய்ந்து வேகமாக ஆவியை உறிஞ்சினால் அதற்கென்று தனி அடையாளம் விழும், கைரேகை மாதிரி. அந்தக் கைரேகை பேரண்ட்ஸ் கடலைக் காட்டியது. நோர்வேக்கும் ரஷ்யாவுக்கும் வடக்கே இருக்கும் அந்தக் கடல் அப்போது 60 சதவீதம் பாளமின்றித் திறந்து கிடந்தது. அந்தச் சில வாரங்களில் அதிலிருந்து சுமார் 14,000 கோடி டன் தண்ணீர் ஆவியானது, ஐரோப்பாவில் விழுந்த புதுப் பனியில் 88 சதவீதம் வரைக்கும் அது ஈடுகட்டும் என்று 2021-ல் எழுதினார்கள். பேரண்ட்ஸ் கடலில் மார்ச் மாதப் பாளம் 1979-லிருந்து பாதிக்கு மேல் போய்விட்டது; குளிர்காலத்தில் பாளம் இழந்த ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 70 கிலோ தண்ணீர் கூடுதலாக ஆவியாகிறது என்பது அவர்கள் கணக்கு. எனக்கு இந்த ஆய்வு ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் கணினி மாதிரியை மட்டும் நம்பிச் சொல்லாமல், காற்றைப் பிடித்து அதிலிருந்த தண்ணீரையே விசாரித்திருக்கிறார்கள்.

கவனியுங்கள், இந்த ஆய்வு சொல்வது ஈரத்தைப் பற்றி. குளிர்காற்று ஏன் மேற்கே வந்தது என்பது தனிக் கேள்வி, அங்கேதான் சண்டை.

குளிர்காலத்தில் துருவத்துக்கு மேலே, 15 கிலோமீட்டரிலிருந்து 50 கிலோமீட்டர் உயரம் வரை, மழையும் மேகமும் உருவாகும் அடுக்குக்கு மேலே இருக்கும் ஸ்ட்ராட்டோஸ்பியர் என்ற காற்றடுக்கில் பலத்த மேற்குக் காற்று வட்டமடித்துக்கொண்டிருக்கும், அதைத் துருவச் சுழல் என்கிறார்கள். சில ஆண்டுகளில் கீழிருந்து மேலேறும் பெரிய காற்றலைகள் மோதி அந்தச் சுழல் தளர்ந்துவிடும் அல்லது இரண்டாகப் பிளந்துவிடும், அப்போது அந்த உயரத்தில் வெப்பநிலை சில நாட்களிலேயே 40, 50 டிகிரிகூட ஏறும். 1952-ல் பெர்லினில் பலூன்கள் அனுப்பி அளந்துகொண்டிருந்த ரிச்சர்ட் ஷெர்ஹாக் என்பவர்தான் இதை முதலில் கண்டார். 2018 பிப்ரவரி 12 வாக்கில் சுழல் பிளந்தது, இரண்டு வாரத்தில் ஐரோப்பா உறைந்தது. 2021 ஜனவரியிலும் சுழல் குலைந்தது. பிப்ரவரியில் டெக்சாஸ் உறைந்து மின்கட்டமைப்பே சாய்ந்தது, அந்த மாநில அரசின் கணக்குப்படியே 246 பேர் இறந்தார்கள்.

இதில் ஆர்க்டிக்கின் பங்கு என்ன? 2012-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஜெனிஃபர் பிரான்சிஸும் ஸ்டீபன் வாவ்ரஸும் ஒரு கருத்தை வைத்தார்கள். வடக்கே குளிர், தெற்கே வெப்பம் என்ற வித்தியாசம்தான் ஜெட் ஸ்ட்ரீம் என்ற உயரக்காற்றை ஓட்டுகிறது. ஆர்க்டிக் வேகமாகச் சூடானால் வித்தியாசம் குறையும், காற்றின் வேகம் தளரும், சமவெளிக்கு வந்த ஆறு போல அது வளைந்து வளைந்து ஓடும், ஒரு வளைவில் குளிர் தெற்கே இறங்கி அங்கேயே நாள்கணக்கில் நிற்கும் என்றார்கள். அமெரிக்க வானிலை ஆய்வாளர் யூடா கோஹன் போன்றவர்கள் ஸ்ட்ராட்டோஸ்பியர் வழியே இன்னொரு பாதை காட்டினார்கள்: பேரண்ட்ஸ், காரா கடல்களில் பாளம் குறைந்து அங்கே வெப்பம் எழும்புவதாலும் அக்டோபரில் சைபீரியாவில் பனி கூடுவதாலும் ரஷ்யாவின் யூரல் மலைப் பக்கம் உயரழுத்தம் நிற்கிறது, அது மேலே அனுப்பும் அலைகள் சுழலை இழுத்து நீட்டுகின்றன, நீண்ட சுழலின் ஒரு முனை வட அமெரிக்காவில் இறங்குகிறது. 2021-ல் வெளிவந்த கோஹன் குழுவின் ஆய்வு டெக்சாஸ் குளிரை இதோடு இணைத்தது.

கேட்க அழகாக இருக்கிறது. நானும் சில ஆண்டுகள் இதை அப்படியே நம்பிப் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் எதிர்ப்பக்கம் வைத்த வாதம் என்னை மாற்றியது. ஆர்க்டிக்கில் பாளம் குறைந்திருக்கும் ஆண்டுகளில் ஆசியாவிலும் வட அமெரிக்காவிலும் குளிர் அதிகம் என்று புள்ளிவிவரம் காட்டுகிறது, அது உண்மைதான். எது எதை உண்டாக்கியது? பாளம் போனதால் காற்று மாறியது என்றால் வெப்பம் கடலிலிருந்து காற்றுக்குப் போக வேண்டும். காற்றோட்டம் மாறியதால் பாளம் உருகியது என்றால் வெப்பம் காற்றிலிருந்து கடலுக்குப் போக வேண்டும். ரஸ்ஸல் பிளாக்போர்ட், ஜேம்ஸ் ஸ்கிரீன் முதலிய ஆய்வாளர்கள் 2019-ல் இந்தத் திசையைப் பிரித்துப் பார்த்தார்கள். தெற்கே குளிர் இறங்கிய குளிர்காலங்களோடு சேர்ந்து வருவது பெரும்பாலும் இரண்டாவது வகை. ஒரே காற்றோட்டம் ஒரு கையால் வெதுவெதுப்பான காற்றை வடக்கே தள்ளிப் பாளத்தை உருக்குகிறது, இன்னொரு கையால் குளிரைத் தெற்கே தள்ளுகிறது. இரண்டும் உடன்பிறப்புகள், ஒன்று மற்றொன்றுக்குத் தாய் அல்ல.

அப்புறம் காலமும் சாட்சி சொன்னது. 1990-களிலிருந்து 2010-களின் தொடக்கம் வரை நடு ஆசியாவில் குளிர்காலங்கள் குளிர்ந்துகொண்டு போயின, அப்போதுதான் இந்தக் கருத்து வலுவாக நின்றது. பிறகு அந்தப் போக்கு மங்கிவிட்டது, ஆர்க்டிக் சூடாவதோ நிற்கவில்லை. பிரிட்டன் வானிலைத் துறையின் டக் ஸ்மித் தலைமையில் 16 கணினி மாதிரிகளை ஒரே சோதனைக்கு உட்படுத்திய 2022 ஆய்வின் தலைப்பிலேயே முடிவு இருக்கிறது: பாளம் குறைந்தால் காற்றோட்டம் மாறுவது உண்மை, ஆனால் மாற்றம் சிறியது. ஆண்டுக்கு ஆண்டு இயல்பாக நடக்கும் ஏற்ற இறக்கத்தில் அது எளிதாகக் கரைந்துபோகும். பசிபிக்கின் வெப்பமண்டலப் பகுதி வழக்கத்தைவிடச் சூடாக இருக்கும் எல் நினோவா, குளிர்ந்திருக்கும் லா நினாவா, அட்லாண்டிக்கில் கிரீன்லாந்துப் பக்கம் உயரழுத்தம் நிற்கிறதா என்பவையே ஒரு குறிப்பிட்ட குளிர்காலத்தின் முகத்தை அதிகம் தீர்மானிக்கின்றன. 2010 பிப்ரவரியில் வாஷிங்டன் புதைந்தது எல் நினோவின் ஈரமும் வடக்கிலிருந்து இறங்கிய குளிரும் ஒன்றுசேர்ந்ததால்.

இதற்கெல்லாம் மேலே ஒரு கணக்கு இருக்கிறது. தெற்கே இறங்கும் காற்று ஆர்க்டிக்கில்தானே உருவாகிறது? அந்த ஆர்க்டிக்கே சூடாகிவிட்டதால் இறங்கி வரும் காற்றும் முன்பு போலக் கடுமையாக இருப்பதில்லை. ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் 2021 அறிக்கை கடுங்குளிர் நாட்கள் குறைந்துவிட்டன, அவற்றின் கடுமையும் தணிந்துவிட்டது என்பதைத் தன்னிடம் இருக்கும் மிக உறுதியான சொற்களில் சொல்கிறது. ஓர் இடத்தில் குளிர் அடிக்கிறது என்றால் உலகத்தில் குளிர் கூடிவிட்டது என்று பொருளில்லை. பானையில் இருந்த தண்ணீரைத் தரையில் கொட்டினால் தரை நனையும்தான், பானையில் குறைந்திருப்பதையும் பார்க்க வேண்டும். 2018 பிப்ரவரியில் ரோம் வெள்ளையாகிக் கிடந்த அதே நாட்களில், வட துருவத்திலிருந்து சுமார் 700 கிலோமீட்டரில் இருக்கும் கிரீன்லாந்தின் கேப் மோரிஸ் ஜெசப்பில் வெப்பநிலை 0 டிகிரிக்கு மேல் ஏறி நின்றது. அந்த ஆண்டில் பிப்ரவரி முடிவதற்குள் சுமார் 60 மணி நேரம் அப்படி. அங்கே அது சூரியனே எழாத காலம்.

2015 பிப்ரவரி 26 அன்று அமெரிக்க செனட்டர் ஜேம்ஸ் இன்ஹாஃப் உலகம் சூடாகவில்லை என்று காட்ட ஒரு பனி உருண்டையைக் கொண்டுவந்து செனட் சபையில் எறிந்து, வெளியே எவ்வளவு குளிர் பாருங்கள் என்றார். அந்தக் குளிர்காலம் பாஸ்டனுக்கும் வரலாறு காணாதது, மொத்தம் 2.7 மீட்டருக்கு மேல் பனி, ஒதுக்கிக் குவித்த மலை ஜூலை 14 வரை உருகாமல் கிடந்தது. நிலத்தில் உண்மையிலேயே கடுங்குளிர். கரைக்கு வெளியே அட்லாண்டிக் வழக்கத்தைவிட வெதுவெதுப்பாக இருந்தது. இந்த இரண்டுக்கும் இடையே இருந்த வித்தியாசமே புயல்களுக்குத் தீனி போட்டது. 2015-ஆம் ஆண்டு முடிந்தபோது அதுவரை அளவிடப்பட்டதிலேயே உலகின் மிகச் சூடான ஆண்டு அதுதான்.

இனி உங்கள் வீடியோ. அந்தக் கருத்து புதிதல்ல, முட்டாள்தனமும் அல்ல. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மாரிஸ் யூயிங், வில்லியம் டான் என்ற இரண்டு பேர் 1956-ல் 'சயன்ஸ்' இதழில் எழுதியது. ஆர்க்டிக் பாளமின்றித் திறந்தால் ஆவி பெருகும், வட கனடாவிலும் ஸ்காண்டிநேவியாவிலும் பனி குவிந்து பனிப்பாறைகள் வளரும், தண்ணீர் நிலத்தில் சேர்வதால் கடல்மட்டம் இறங்கும், அட்லாண்டிக்கிலிருந்து ஆர்க்டிக்குக்கு வெதுநீர் நுழையும் ஆழமற்ற வாசல் குறுகும், ஆர்க்டிக் மீண்டும் உறையும், ஈரம் நின்றுபோகும், பனிப்பாறைகள் சுருங்கும், கடல் ஏறும், மறுபடி முதலிலிருந்து. என்ன அழகான சக்கரம்! வெளியிலிருந்து எதுவும் தேவையில்லாமல் தானே சுற்றுகிறது. சிறந்த மூளைகள் யோசித்தது, கடல் பனிக்கு ஈரம் தரும் என்ற அடிப்படையில் தவறும் இல்லை.

ஆனால் தோற்றது. ஆர்க்டிக் கடலடிச் சேற்றைத் துளைத்து எடுத்துப் பார்த்தபோது, பனியுகம் தொடங்கக் கடல் திறந்திருக்க வேண்டிய காலத்திலும் பாளம் இருந்ததற்கான அடையாளமே கிடைத்தது. 1976-ல் ஹேய்ஸ், இம்ப்ரி, ஷாக்கிள்டன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் பனியுகங்களின் தாளம் பூமியின் சுற்றுப்பாதையும் சாய்வும் மாறும் தாளத்தோடு ஒத்துப்போவதைக் கடலடிச் சேற்றிலிருந்தே காட்டினார்கள். செர்பிய அறிஞர் மிலுடின் மிலான்கோவிச் பல பத்தாண்டுகளுக்கு முன் சொன்னதும் அதுவே: பனிப்பாறை வளர்வதைத் தீர்மானிப்பது குளிர்காலத்தில் எவ்வளவு பனி விழுந்தது என்பதல்ல, கோடையில் எவ்வளவு மிஞ்சியது என்பது. ஜனவரியில் மூன்று மீட்டர் விழுந்தாலும் ஜூலைக்குள் கரைந்துவிட்டால் அடுத்த ஆண்டுக்கு மிச்சம் பூஜ்யம். இன்று வடகோளத்தில் மே, ஜூன் மாதங்களில் நிலத்தில் எஞ்சியிருக்கும் பனியின் பரப்பு செயற்கைக்கோள் பதிவுகளில் தெளிவாகச் சுருங்கிக்கொண்டு வருகிறது. கிரீன்லாந்து ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 27,000 கோடி டன் பனிப்பாறையை இழக்கிறது. எனவே ஜனவரி படத்தை வைத்துப் பனியுகம் வருகிறது என்பவரிடம் ஜூன் மாதப் படத்தைக் கேளுங்கள்.

இந்தக் கூடுதல் பனியும் எல்லா இடத்திலும் நீடிக்காது. 0 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர்கள்தான் முதலில் பனியிலிருந்து மழைக்கு மாறும். ஜப்பானின் சமவெளிகளில் குளிர்காலம் முழுவதும் சேரும் பனி குறையும், அதே சமயம் ஹொக்கைடோவின் உட்பகுதியிலும் ஹொன்ஷு மலைகளிலும் ஒரே நாளில் கொட்டும் பெரும்பனி கூடக்கூடும் என்பது அந்நாட்டு ஆய்வாளர்களின் கணிப்பு. ஈரி ஏரிக்கும் அப்படித்தான். உறையாத ஏரி இன்னும் சில பத்தாண்டுகளுக்குப் பஃபலோவுக்குப் பெரும்பனியைக் கொடுக்கலாம். அதற்கு மேல் சூடானால் நவம்பர் கடைசியில் அதே மேகம், அதே குறுகிய பட்டை, அதே ஆர்ச்சர்ட் பார்க்கின் மேல் மழையாக இறங்கும்.